பின்வாசல் பூட்டு

நித்யஸ்ரீ இதற்கு முன் பதினோரு நாடுகளில், துக்கத்தில் இருப்பவருக்குத் துணையிருக்கச் சொல்லிக்கொடுக்கும் இந்த வகுப்பை எடுத்திருக்கிறாள். நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடம் சரிந்த மலையூர், புயல் படகுகளை வாரிக்கொண்டு போன தீவு, சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் கூடார முகாம் என்று போகாத இடமில்லை. எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொல்லி முடித்து, அது ஆங்கிலமாகி அவள் காதுக்கு வந்து சேர அரை நிமிஷம் ஆகும். அதற்குள் அவள் தன் முகத்தைச் சரிசெய்துகொண்டுவிடுவாள். இருபது வருஷப் பழக்கம். அது தனக்கு ஒரு மறைப்பாக இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் பதினெட்டுப் பேர் எதிரில் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் பேசியது அவள் பிறந்து வளர்ந்த திருப்பூரில் தெருவுக்குத் தெரு கேட்ட தமிழ். ஒவ்வொரு சொல்லும் நேராக வந்து விழுந்தது.

அவளை வரவழைத்தது அண்ணன் சசிகுமார். நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி. கீழே துணிக் குடோன், மேலே தையல். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் குடோனில் மின்கசிவால் தீப் பிடித்தது. மேலே இருந்த ஐம்பது பேரும் முன்படிக்கட்டில் இறங்கித் தப்பிவிட்டார்கள், மூன்று பேரைத் தவிர. கடைசி வரிசையில் இருந்த அந்த மூன்று பெண்களும் புகையைத் தாண்டி முன்பக்கம் வர முடியாமல் பின்படிக்கட்டுக்கு ஓடினார்கள். அடியில் இருந்த இரும்புக் கதவு திறக்கவில்லை. அங்கேயே மூச்சடைத்துப் போனார்கள். இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மூன்றாமவள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், அபிராமி. வயது இருபத்திரண்டு.

சூட்டில் கதவு உப்பி இறுகிவிட்டது என்று அண்ணன் போனில் சொன்னார். கோட்டாட்சியர் விசாரணையிலும் அதையே சொல்லியிருந்தார். எங்கோ ஒரு முகாமில் இருந்தபடி அதைக் கேட்ட நித்யஸ்ரீ நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் அவர் கேட்டார். "ஊரு ஊராப் போயி ஆருஆருக்கோ சொல்லிக் குடுக்கறயல்லோ அம்மிணி. நம்ம ஆளுகளுக்கும் ஒரு அஞ்சு நாள் வந்து பண்ணிக் குடேன். மிசின் சத்தம் கேட்டாலே நடுங்கறாங்க. ஒருத்தரும் செரியாத் தூங்கறதில்ல. துணி வாங்கற வெளிநாட்டுப் பார்ட்டியும் இதப் பண்ணுனியா பண்ணுனியான்னு கேக்கறான்."

அந்த வாரமே கிளம்பி வந்துவிட்டாள்.

அவளுடைய வேலை முறை எளிமையானது. டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். பக்கத்து வீட்டுக்காரி எங்கேயும் போகமாட்டாள். ஆகவே அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். திடுக்கிட்டு எழுகிறவரைத் தரையில் பாதம் ஊன்றி உட்காரவைப்பது, மூச்சை மெல்ல விடச் சொல்வது, அவர் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்பது, பேசாவிட்டால் பேசாமலே கூட இருப்பது. 'தலையெழுத்து', 'எல்லாம் சரியாயிரும்' என்ற இரண்டையும் வாயில் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காதில் விழுந்தது வாய்வழியே வெளியே போகக் கூடாது. இதுதான் முதல் விதி.

முதல் நாள் இதையெல்லாம் சொல்லி முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றாள். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். ஒச்சாயி. அபிராமியின் அம்மா.

"டாக்டரம்மா, நீங்க சொல்றதெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. மெல்ல மூச்சு விடச் சொல்றீக. எம்மக மூச்சு முட்டிச் செத்தா. அந்தக் கதவப் பூட்டச் சொன்னது யாருன்னு நாலு மாசமாக் கேக்குறேன். அந்தப் பாடம் எத்தனாவது நாள் வருது?"

"கதவு சூட்டுல இறுகிருச்சுன்னு கேள்விப்பட்டனுங்க."

"அப்படித்தேன் எழுதியிருக்காக" என்று சொல்லிவிட்டு ஒச்சாயி உட்கார்ந்துகொண்டாள்.

கூடத்தில் பல கண்கள் சுவரோரம் இருந்த ஒருவன் பக்கம் போய்த் திரும்பின. பாண்டித்துரை, சூப்பர்வைசர். ஒச்சாயியின் பக்கத்து ஊர்க்காரன். அந்தக் குடும்பத்தைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து வேலை வாங்கிக்கொடுத்ததே அவன்தான். கம்பெனிச் சாவியெல்லாம் அவன் இடுப்பில்தான் தொங்கும். அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தன. டீ கொடுக்க வந்த பெண்கூட டம்ளரை அவன் கையில் தராமல் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் பயிற்சி இரண்டிரண்டு பேராக. ஒருவர் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். அன்று ஒரு பெண் வரவில்லை. மற்றவர்கள் ஜோடி சேர்ந்துகொள்ள, எதிர்பார்த்தபடி பாண்டித்துரை தனியாக மிஞ்சினான். நித்யஸ்ரீ தன் நாற்காலியை இழுத்துப் போய் அவன் எதிரில் போட்டாள்.

அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"இதுவும் வெளிய போகாதுல்ல மேடம்?"

"போகாதுங்க."

"சரக்கு ஏத்த ரெண்டு நாள்தேன் இருந்துச்சு. பிள்ளைக பின்படியில போயி நின்னு போன் பேசுதுகன்னு மொதலாளி சத்தம் போட்டாரு. கீழ் கதவப் பூட்டு, சாவிய நீயே வச்சுக்கன்னாரு. பூட்டுனேன். எல்லாம் முடிஞ்சப்புறம் கதவுல தொங்குற பூட்டக் கழட்டி எடுத்துரு, கதவு இறுகிருச்சுன்னு சொல்லிக்கலாம்னாரு. கழட்டுனதும் நாந்தேன். எம்பிள்ளைக ரெண்டையும் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டது அவரு. மறுத்துப் பேச நாக்கு வரல."

சொல்லும்போது அவனுடைய வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, எதையோ திருகிக்கொண்டே இருந்தது. அது அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நித்யஸ்ரீ ஏன் என்று கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். இவன் 'மொதலாளி' என்று சொல்லச் சொல்ல, அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிய அண்ணன் முகம் எதிரே வந்து நின்றது.

அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அன்று சாயங்காலம் தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கேட்டதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் முதல் விதியை முதலில் மீறியது அவளாவாள். சொல்லாமல் மறுநாள் போய் அந்தத் தாய்க்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் முடியாது. புரண்டு புரண்டு யோசித்ததில் ஒன்று தெளிந்தது. ஒச்சாயி கேட்டது எல்லார் முன்னிலையிலும் கேட்ட கேள்வி. அதைக் கேட்பதற்கு யாருடைய ரகசியமும் வேண்டியதில்லை.

காலையில் சசிகுமார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. மொத நாளே ஒரு அம்மா எல்லாத்து முன்னாலயும் எந்திரிச்சுக் கேட்டாங்க. பின்கதவு பூட்டியிருந்துதுங்களா?"

"ஆரு, ஒச்சாயியா? மக போன வருத்தத்துல அது அப்பிடித்தான் பேசும்."

"பூட்டியிருந்துதுங்களா, இல்லீங்களா?"

அண்ணி சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

"வக்கீலு என்ன சொல்லியிருக்காருன்னா..."

"நான் வக்கீலக் கேக்கலீங்ணா."

பிட்ட இட்லி கையிலேயே இருந்தது. "ரெண்டு நாளைக்கு மட்டும்னுதான் பூட்டச் சொன்னேன். அன்னைக்குன்னு பாத்துப் பத்தோணுமா? கொல்லோணும்னு பூட்டலையே அம்மிணி."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கற? உன்ற வேல அவியளத் தேத்தறது. அதப் பண்ணு."

"அவங்க கண்ணால பாத்தத இல்லீனு சொல்லிப்போட்டு, மனசத் தேத்திக்கோங்கன்னா அது வாயப் பொத்தற வேலைங்ணா. வேற ஊர்ல வேற ஒரு மொதலாளி இப்பிடிச் சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியக் கட்டியிருப்பேன்."

"அப்பிடீன்னா கட்டிக்க."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு அவர் எழுந்து போனார்.

மூன்றாம் நாள் கூடத்தில் நித்யஸ்ரீ நின்றுகொண்டே பேசினாள். "நான் சசிகுமாரோட தங்கச்சிங்க. மொத நாளே சொல்லியிருக்கோணும். சொல்லாம உக்காந்தது என்ற தப்பு. இனி இந்த வகுப்ப நான் எடுக்கறது நாயமில்ல. கோயமுத்தூர்ல பரணின்னு ஒருத்தங்க இருக்காங்க, இதே வேலைதான். மிச்ச நாளுக்கு அவங்க வருவாங்க."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒச்சாயிதான் பேசினாள்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? வாசல்ல எறங்கும்போதே தெரிஞ்சுபோச்சு. மொதலாளி மூஞ்சிய உரிச்சு வச்சாப்புல இருக்கீக. அது தெரிஞ்சுதேன் வந்தோம். அவுக வீட்டு ஆளு ஒண்ணாச்சும் நாம சொல்றதக் காது குடுத்துக் கேக்கட்டும்னு வந்தோம். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போனா எப்படி?"

அதற்குள் சுவரோரம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாண்டித்துரை எழுந்து நின்றான்.

"அக்கா" என்றான், ஒச்சாயியைப் பார்த்து. "பூட்டுனது நாந்தேன். கதவு இறுகவும் இல்ல ஒண்ணும் இல்ல. மொதலாளி சொன்னாரு, நான் பூட்டுனேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு."

ஒச்சாயி எழுந்து அவனை நோக்கி நடந்தாள். அடித்துவிடுவாளோ என்று ஆண்கள் இரண்டு பேர் பாதி எழுந்தார்கள். அவள் அவனுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றாள்.

"தொறக்க வந்தியா?"

"வந்தேங்க்கா. முன்வாசல்ல இருந்து சுத்தி ஓடியாந்தேன். கை நடுங்குச்சு, சாவி சேரல. கீழ விழுந்துருச்சு. புகையில கண்ணு தெரியாமத் தடவித் தடவி எடுத்தேன்."

"அப்ப எம்மக உசுரோட இருந்தாளா?"

"இருந்துச்சு."

"பேசுனாளா?"

அவன் வலது கை விரல்கள் மறுபடியும் எதையோ திருகின.

"பேசுச்சு. நாந்தேன் வந்திருக்கேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அண்ணே பதறாதீக, நிதானமாத் தொறங்க, நான் இங்கிட்டுதேன் நிக்கிறேன்னுச்சு. ரெண்டு வாட்டி சொல்லுச்சு. அப்புறம் சத்தம் இல்ல. நான் தொறக்கும்போது கதவுல சாஞ்சபடிக்கு இருந்துச்சு."

ஒச்சாயி, பக்கத்தில் யாரிடமோ செய்தி சொல்வதுபோலத் தணிந்த குரலில், "பதறாதீகன்னாளாம்" என்றாள். "அவ அப்படித்தேன். அவுக அப்பனுக்கு நெஞ்சு வலிச்சப்பவும் அப்படித்தேன் சொன்னா." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதமாக யார் முன்னாலும் அழாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று அவள் அழுத அழுகை மண்டபத்து வாசல்வரை கேட்டது.

நித்யஸ்ரீ முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரமே இருக்கவில்லை. கையில் இருந்த காகிதங்கள் நழுவ, நின்ற இடத்திலேயே தேம்பினாள். இத்தனை வருஷத்தில் ஒரு கூடத்தில் எல்லார் எதிரிலும் அவள் அழுவது அதுதான் முதல் தடவை. அப்படியும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஓவர்லாக் தைக்கும் இரண்டு பெண்கள் போய் ஒச்சாயிக்கு இரு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி அவள் பாதத்தின் மேல் தன் கையை அழுத்தி வைத்திருந்தாள். கட்டிங் மாஸ்டர் ஞானசம்பந்தம் நிதானமாக நடந்து போய்ப் பாண்டித்துரைக்கு அடுத்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை. அரை மணி நேரம் கூடம் அப்படியே இருந்தது. யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கலையும்போது பாண்டித்துரை அவளிடம் வந்தான். "புதன்கெழம மறுபடி விசாரணை இருக்கு மேடம். நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நானே போயிச் சொல்லிக்கிறேன்."

அவள் தன் பெட்டியை அண்ணன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதிக்கு மாறிக்கொண்டாள். வகுப்பு நிற்கவில்லை. பரணியும் வந்தாள், இவளும் கூட உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் எல்லாரும் போன பிறகு சசிகுமார் வந்தார். மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாண்டித்துரை வந்து சொல்லிப்போட்டுத்தான் போனான். புதங்கிழம எல்லாத்தையும் சொல்லப் போறேன், மன்னிச்சுக்கங்கன்னான்." குரலைத் தாழ்த்தினார். "வக்கீலு ஒரு வழி சொல்றாரு. சூப்பர்வைசரு தானாப் பூட்டிக்கிட்டான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரலாமாம். அவனுக்குச் சாட்சி ஆரும் இல்லியாமா."

நித்யஸ்ரீக்கு நாக்கு நுனிவரை கோபம் வந்தது. ஆனாலும் எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். குறுக்கே பேசவில்லை.

அவர் பேசிக்கொண்டே போனார். தீப் பிடித்தபோது தான் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் ஒரு கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னார். மூன்று பேரையும் வெளியே கொண்டுவந்து படுக்கவைத்தபோது ஒருத்தியின் துப்பட்டாவில் கம்பெனி நூல் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கதவையும் தாழ்ப்பாள் போட முடிவதில்லை என்றார். குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறாராம். அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லச் சொல்ல அவர் தோள் இறங்கியது. கடைசியில் கேட்டார். "அந்தம்மா ஊட்டுக்குப் போலாம்னு இருக்கறேன். என்ன பேசோணும்னு சொல்லிக் குடு அம்மிணி. எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கற."

"பேசறதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்ணா. நடந்தத நடந்தபடிக்குச் சொல்லுங்க. அப்பறம் அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கங்க. மன்னிப்பாங்கன்னு நெனச்சுட்டு மட்டும் போகாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். ஒச்சாயி குடியிருந்தது நல்லூரில், வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளில் ஒன்றில். அண்டை வீட்டிலேயே இரண்டு நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சாயி வாசற்படியில் நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சசிகுமார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே நின்றார். அக்கம்பக்கத்துக் கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"பூட்டச் சொன்னது நானுங்க" என்றார். "பூட்ட எடுக்கச் சொன்னதும், பொய் சொல்லச் சொன்னதும் நானுங்க."

அதற்கு மேல் சொல்ல ஏதோ வைத்திருந்தார் போல. அதை விட்டுவிட்டார்.

அண்டை வீட்டு மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"எம்மகளுக்கு வெள்ளிக்கெழம ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வச்சிருந்தோம்" என்றாள். "அவ தங்கச்சி பெரிய மனுசியானதுக்குச் சீரு. நீங்க பூட்டுனது புதன்கெழம." பிறகு, "இப்பச் சொன்னத அங்கயும் சொல்லுவீகளா?" என்றாள்.

"சொல்லுவனுங்க."

"சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் உள்ள வாங்கன்னு சொல்றேனா இல்லையான்னு பாப்போம்."

புதன்கிழமை விசாரணையில் முதலில் பாண்டித்துரை சொன்னான். அடுத்து சசிகுமார் சொன்னார். வக்கீல் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார் என்று பிற்பாடு நித்யஸ்ரீ கேள்விப்பட்டாள். இரண்டு பேர் மேலும் வழக்குப் பதிவானது. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். ஒடிசாவுக்குத் தகவல் போய், இறந்துபோன இரண்டு பெண்களின் அண்ணன்மார் வந்து வாக்குமூலத்தின் நகலை வாங்கிப் போனார்கள். அண்ணி இன்றுவரை நித்யஸ்ரீயிடம் பேசுவதில்லை. சசிகுமார் எப்போதாவது கூப்பிடுவார். வழக்கைப் பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஒச்சாயி வீட்டுக்குள் போனாரா என்று நித்யஸ்ரீ கேட்டதில்லை.

ஐந்து மாதம் கழித்து, வெள்ளம் வந்த ஒரு நாட்டில், பேசுகிறவர் தன் முகத்தையே பார்க்கட்டும் என்று மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் பின்னால் உட்காரவைத்து அவள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் போன் அடித்தது. ஒச்சாயி. வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தப் பதினெட்டுப் பேரில் பதிமூன்று பேர் ஞாயிறுதோறும் சேர்ந்து, ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய் உட்காருகிறார்கள் என்று பரணி முன்பே சொல்லியிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். இங்கிட்டு ஒரு பிள்ள, புருசன் பைக்குல அடிபட்டுப் போயிட்டான். மூணு வாரமாப் போயி உக்காருறேன். வாயே தொறக்க மாட்டேங்குறா. செவுத்தப் பாத்துக்கிட்டே இருக்கா. நான் தப்பா எதுவும் பண்றேனா?"

"நீங்க போகும்போது கதவத் தெறக்கறாங்களா?"

"தொறக்குறா. இன்னைக்கு நான் போறதுக்கு முன்னாடியே டீ போட்டு வச்சிருந்தா."

"அப்பச் செரியாத்தானுங்க பண்றீங்க. அடுத்த வாரமும் போங்க."

"போறேன்" என்று ஒச்சாயி போனை வைத்தாள்.